நீதியரசர் விலகிய ஞாயிற்றுக்கிழமை

நீதியின் தராசு எந்தக் கைக்கும் சாயாது. அதை ஏந்தி நிற்பவன் தன் மூச்சுக்காற்றுக்கூட அதன் தட்டில் படாமல் பார்த்துக்கொள்வான்.

இந்த வாக்கியம் எட்டடி நீளப் பனரில் அச்சாகி, கிழக்கு ஸ்காபரோ தமிழர் ஒற்றுமைக் கழக மண்டபத்தின் மேடைச் சுவரில் தொங்கியது. வாக்கியத்துக்குக் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு, பல் முழுவதும் தெரியச் சிரித்தபடி வாகீசன் படத்தில் நின்றார். 'உபயம்: வாகீசன். வீடு வாங்க, விற்க.' நீதி என்ற சொல்லைவிட அவருடைய தொலைபேசி இலக்கம் பெரிய எழுத்தில் இருந்தது.

பனருக்குக் கீழே போட்ட மேசையின் ஓரத்தில் மனோரஞ்சிதம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து திகதி எழுதினாள். மாசி மாதம், பின்னேரம் மூன்று மணி என்று அறிவித்த விசாரணை. மூன்று ஐம்பதாகியும் தலைமை நடுவரைக் காணவில்லை. அவர் உடைமாற்றும் அறையில் கவுன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒற்றுமைக் கழகம் மூன்று தடவை பிரிந்து, மூன்று தடவையும் உண்மையான கோட்டுக்குப் போய், லோயர்மாரின் பிள்ளைகளைப் படிப்பித்துவிட்டுத் திரும்பி வந்த கழகம். இனி எங்கட பிணக்கை நாங்களே தீர்ப்பம் என்று யாப்பைத் திருத்தி நடுவர் மன்றம் ஒன்றை உண்டாக்கினார்கள். மூன்று நடுவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். யாப்பில் 'தலைமை நடுவர்' என்றுதான் இருந்தது. 'நீதியரசர்' என்று மாற்றியது ஸ்ரீதரன். அவர் ஊரில் ஒரு நீதிமன்றத்தில் ஏழு மாதம் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே முப்பது வருடம் பார்க்கிங் டிக்கெற் எழுதி ஓய்வு பெற்றவர். தான் கனடாவில் ஒரு லட்சம் தீர்ப்பு எழுதியிருப்பதாகவும், அதில் ஒன்றைக்கூட முகத்தைப் பார்த்து எழுதவில்லை என்றும் தேர்தல் கூட்டங்களில் சொல்லுவார். அது உண்மை. கார்க்காரர் வரமுன்னம் எழுதி வைத்துவிட்டுப் போவதுதானே அந்த வேலை.

அவருடைய தேர்தலை நடத்தியது வாகீசன். சனங்களை ஏற்றி இறக்க ஏழு வான், சுவரொட்டி, வானொலி விளம்பரம், வாக்குப் போட்டு வெளியே வந்தவர்களுக்குச் சுடச்சுடக் கொத்துரொட்டி. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன தேர்தல் என்று தெரியாது. கொத்து நல்லம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மனோரஞ்சிதம் போட்டியில்லாமல் வந்தவள். கிழக்கு மாகாணத்துக்கும் ஒரு இடம் கொடுக்க வேணும், பெண்களுக்கும் ஒரு இடம் கொடுக்க வேணும் என்று பேச்சு வந்தபோது, இரண்டையும் ஒரே ஆளில் முடித்துவிட்டார்கள். மட்டக்களப்பில் பிறந்து, ரொறன்ரோவில் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் இருபத்தாறு வருடம் துணி மடித்தவள். தேர்தலுக்கு யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. மகன் விதுர்சன் இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் படுத்திருந்து, போன கார்த்திகையில்தான் வாகீசனின் ஒபிசில் உதவியாளாகச் சேர்ந்தான். அது அவள் நடுவரான பிறகு நடந்தது. ஆகவே அதில் ஒன்றுமில்லை. இதை அவள் தனக்குள்ளேயே விசாரித்து, தனக்குச் சாதகமாகத் தீர்த்து வைத்திருந்தாள்.

மூன்றாவது நடுவர் இராஜரட்ணம் மார்கழியில் ஊருக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. அவருடைய கதிரை மட்டும் ஒரு கூட்டத்துக்கும் தவறாமல் சமூகம் தந்தது.

ஸ்ரீதரன் வந்தார். கவுன் அவருடைய மகள் நிரூபாவின் பட்டமளிப்புக் கவுன். முழங்காலுக்குக் கீழே இறங்க மறுத்தது. எல்லாரும் எழும்பினார்கள். அவர் கதிரையில் இருந்ததும் இருந்தார்கள்.

"வழக்கை வாசியுங்கோ, ரஞ்சி."

மனோரஞ்சிதம் வாசித்தாள். முறைப்பாட்டாளர், கழகத்துக்குக் காசு கொடுத்து ஆதரிக்கும் போஷகர் வாகீசன். எதிராளி, மண்டபப் பராமரிப்பாளர் மாமாங்கம்.

மாமாங்கம் முன்வரிசையில் இருந்தான். ஐம்பத்தெட்டு வயது, கழுவித் தேய்த்த நீலச் சேட். மண்டபத்தின் பேஸ்மென்ரில் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் பதினொரு வருடமாக இருக்கிறான். வேலை போனால் அறையும் போகும். இந்த ஊரில் அந்தச் சம்பளத்துக்கு வேறு அறை கிடையாது என்பது மண்டபத்தில் இருந்த அறுபது பேருக்கும் தெரியும். அதில் அரைவாசிப் பேர் தங்கள் பேஸ்மென்ரை வாடகைக்கு விட்டிருப்பவர்கள்.

நடந்தது இதுதான். தை மாதம் வாகீசன், வயதுக்கு வந்த தன் மகள் நிலாணிக்கு இதே மண்டபத்தில் சாமத்தியச் சடங்கு செய்தார். பிள்ளை அன்ன வடிவத் தேரில், முகிலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரவேண்டும். முகிலுக்குப் புகை மெசின். மெசின்காரன், கூரையில் இருக்கிற புகை டிற்றெக்டர்களை பிளாஸ்ரிக் பையால் கட்டச் சொன்னான். மாமாங்கம், அது சட்டப்படி குற்றம், தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டான். புகையை விட்டார்கள். அன்னம் பாதி வழி வர, மண்டபம் முழுக்க அலறத் தொடங்கியது. நானூறு பேர், பட்டுச் சேலையும் வெறுங்காலுமாக, பூச்சியத்துக்குக் கீழே பதினாலு பாகைக் குளிரில் வாகனத் தரிப்பிடத்தில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. நிலாணியின் ஒட்டு இமை ஒன்று உறைந்து விழுந்தது. அந்த வீடியோவை இதுவரை பதினெட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் மாமாங்கத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆனால் பனி அள்ள வேறு ஆளில்லை என்றபடியால் பனியை மட்டும் அள்ளச் சொன்னார்கள்.

"எதிராளி சார்பில ஆர் பேசுறது?" என்று ஸ்ரீதரன் கேட்டார்.

மாமாங்கத்தின் அக்காவின் மகள் தேனுகா எழும்பினாள். இருபத்தேழு வயது, சென் ஜேம்ஸ் ரவுணில் இருப்பவள், நகரத்துச் சட்ட அலுவலகம் ஒன்றில் கிளார்க். இந்த மண்டபத்துக்கு முதல் தடவை வருகிறாள்.

"அங்கிள், முதல்ல ஒரு விசயம். நீங்க இந்தக் கேஸைக் கேக்கேலாது."

"என்ன?"

"உங்கட எலெக்சனுக்கு முழுக்கச் செலவழிச்சது வாகீசன் அங்கிள். கம்ப்ளெயின்ற் பண்ணினதும் அவர். ஐ மீன், இது ஒப்வியஸ். நீங்க விலகோணும்."

ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றினார். அவமானப்படுவதற்கு அவர் எப்போதும் கண்ணாடியைக் கழற்றுவார்.

"பிள்ளை, நீர் சின்னப் பிள்ளை. தம்பி வாகீசன் எனக்குச் செலவழிக்கேல்லை. நீதிக்குச் செலவழிச்சவர்."

"நீதி கொத்துரொட்டி சாப்பிடாது, அங்கிள்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமல் மாதிரி மாற்றினார்கள்.

"ஒரு பிளேட் கொத்துக்கு நான் தீர்ப்பை விப்பன் எண்டு சொல்லுறீரோ? அந்தக் கொத்தை நான் சாப்பிடவுமில்லை. எனக்குக் கொலஸ்ரரோல்."

"நீங்க சாப்பிட்டீங்களோ இல்லையோ, பாக்கிற ஆக்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டதுதான் பொயின்ற். அவற்ற படமே உங்கட தலைக்கு மேல இருக்கு."

ஸ்ரீதரன் திரும்பி அண்ணாந்து பார்த்தார். வாகீசன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"உதை நான் இண்டைக்குத்தான் கவனிக்கிறன்," என்றார் நீதியரசர். பனர் தூக்கிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அன்றைய குறிப்பையும் மனோரஞ்சிதம்தான் எழுதினாள்.

பத்து நிமிடம் தேநீர் இடைவேளை விட்டார்கள்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றியது மாமாங்கம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன்தான், ஆனால் சீனி எங்கே இருக்கிறது என்று வேறு ஒருவருக்கும் தெரியாது. தன்னை விசாரிப்பவர்களுக்கும், தன்மேல் முறைப்பாடு போட்டவருக்கும், பார்க்க வந்தவர்களுக்கும் கப் கப்பாக ஊற்றிக் கொடுத்தான். "அக்கா, உங்களுக்குச் சீனி குறைச்சல்தானே," என்று மனோரஞ்சிதத்திடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வாகீசன் அவளுக்குப் பின்னால் வந்தார். வாசனை முதலில் வந்தது.

"அக்கா, எப்பிடிச் சுகம்?"

"இருக்கிறன்."

"விதுர்சனைப் பற்றிச் சொல்லோணும் எண்டு இருந்தனான். தங்கமான பெடியன். வாற கிழமை ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீட்டுத் திட்டத்தில அவனைத் தனிய விடப்போறன். அதில தேறினால் ஆள் எழும்பிடுவான்."

"சந்தோசம்."

"அவ்வளவுதான், அக்கா. வேற ஒண்டுமில்லை." தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "மாமாங்கத்தாற்ற தேத்தண்ணிக்கு நிகர் இல்லை, என்ன?"

வழக்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் முகத்துக்கு நேரே ஏதாவது கேட்டிருப்பாள். கேட்பதற்கென்று ஒரு வசனம்கூட வைத்திருந்தாள். அது அப்படியே தேத்தண்ணியோடு உள்ளே போனது.

மன்றம் திரும்பக் கூடியது. ஸ்ரீதரன் எழும்பி நின்றார். இடைவேளையில் அவரும் வாகீசனும் உடைமாற்றும் அறைக்குள் போனதையும், போனபோது இருந்த கோபம் திரும்பி வந்தபோது முகத்தில் இல்லாததையும் மனோரஞ்சிதம் கண்டிருந்தாள்.

"சபையோரே! ஒரு நீதிபதிக்குத் தீர்ப்புச் சொல்லுறது பெரிசில்லை. தீர்ப்புச் சொல்லாமல் விலகுறதுதான் பெரிசு. நான் விலகுறன்!"

கைதட்டல். அவர் கையமர்த்தினார். கைதட்டல் நின்றதும் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். விலகுகிறவர் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கழகச் செயலாளர் ஒரு பொன்னாடையை எடுத்து வந்தார். அரை மணித்தியாலத்துக்கு முன் முடிவெடுத்த விலகலுக்குப் பொன்னாடை எப்படி வந்தது என்றால், வாகீசனின் கார் டிக்கியில் எப்போதும் ஐந்தாறு கிடக்கும். வாகீசனே மேடையேறிப் போர்த்தினார். இருவரும் கட்டிப்பிடித்தார்கள். படம் எடுத்தார்கள். படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை விலகினார்.

"ஓகே," என்றாள் தேனுகா. "இப்ப ஆர் கேக்கிறது?"

செயலாளர் யாப்பைப் புரட்டினார். "பதினாலாம் பிரிவு. தலைமை நடுவர் விலகினால் அவற்ற இடத்துக்குப் போஷகர் ஒருவரை நியமிப்பார்."

"போஷகர் ஆர்?"

செயலாளர் பனரைப் பார்த்தார்.

"வெயிற், வெயிற். கம்ப்ளெயின்ற் பண்ணினவரே தன்ர கேஸுக்கு ஜட்ஜை எடுக்கிறதோ? ஆர் யூ சீரியஸ்?"

"யாப்பு, பிள்ளை," என்றார் ஸ்ரீதரன், பொன்னாடைக்குள்ளிருந்து. "நீர்தானே விலகச் சொன்னனீர்."

வாகீசன் ஒலிவாங்கியை எடுத்தார்.

"நானே வந்து இருக்கலாம். யாப்பில அதுக்கு இடமிருக்கு. ஆனால் அது சரியில்லை எண்டு என்ர மனச்சாட்சி சொல்லுது." இதற்கும் கைதட்டினார்கள். ஸ்ரீதரன் இறங்கி வந்து, தன் தோளில் இருந்த பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். "ஆகவே ரஞ்சி அக்காவை நியமிக்கிறன். அவவும் கிழக்கு, மாமாங்கமும் கிழக்கு. இதுக்கு மேல நான் என்ன நியாயம் செய்யிறது?"

மனோரஞ்சிதத்தை நடுக்கதிரைக்கு நகரச் சொன்னார்கள். அவள் பேனாவோடு நகர்ந்தாள். கதிரை ஸ்ரீதரன் இருந்த சூட்டோடு இருந்தது.

தேனுகா விடவில்லை. "அன்ரி, சொறி, எல்லாரிட்டையும் கேக்கிற கேள்விதான். உங்களுக்கும் வாகீசன் அங்கிளுக்கும் ஏதாவது கொனெக்சன் இருக்கோ?"

விதுர்சன் எங்கே வேலை செய்கிறான் என்று தேனுகாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அறுபது பேரும் தங்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். மனோரஞ்சிதம் தொண்டையைச் செருமினாள். ஒரு வசனம்தான். மகன் அங்க வேலை செய்யிறான், நானும் விலகுறன். சொன்னால் பதினாலாம் பிரிவு திரும்ப வாகீசனிடம் போகும். அவர் வேறு யாரையாவது போடுவார். போடப்படுகிற எவரும் மாமாங்கத்தை அறையில் இருக்க விடமாட்டார்கள். தான் இருந்தால் அவன் தப்புவான். இருக்கிறதுதான் நியாயம். இப்படி அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாமாங்கம் எழும்பினான்.

"தேனு, நீ இரி. அக்காவை எனக்குத் தெரியும். அக்கா போதும்."

"மாமா, ஷீ ஹாஸ் டு ஆன்சர்..."

"இரி எண்டு சொன்னன். மறுகா என்ன கேள்வி."

தேனுகா இருந்தாள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. மனோரஞ்சிதம் குறிப்புப் புத்தகத்தில் தானே எழுதினாள்: 'ஆட்சேபனை இல்லை.' கையெழுத்து வழக்கத்தைவிட வடிவாக வந்தது.

விசாரணை பதினைந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

"டிற்றெக்டரை மூடச் சொன்னது உண்மையோ?"

"ஓம் அக்கா," என்றார் வாகீசன். "அஞ்சு நிமிசத்துக்குத்தான். எல்லா ஹோலிலையும் செய்யிறவை."

"மாமாங்கம், நீ ஏன் மூடேல்லை?"

"நெருப்பு வந்திருந்தா, அக்கா? நானூறு சனம். பிள்ளையள். பிறகு ஆர் பதில் சொல்லுறது? நான் புகை விட வேணாமெண்டு ரெண்டு தரம் சொன்னன். மூண்டாந்தரம் சொல்லப் போக, என்னைத் தேருக்குப் பின்னால நிண்டு தள்ளச் சொன்னாங்க. அன்னத்தைத் தள்ளினதே நான்தான்."

சிலர் சிரித்தார்கள். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. தீர்ப்பு அவளுக்குள் தயாராக இருந்தது: மாமாங்கத்தில் பிழையில்லை, வேலை தொடரும். இவ்வளவுதான். அவள் எழும்பினாள். வாகீசன் அவளைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்து தொலைபேசியில் யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். யாருக்கென்று அவளுக்குத் தெரியாது. யாருக்காகவும் இருக்கலாம். வீடு வாங்குகிறவர்களுக்காக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் ஒபிசில் இருக்கிற பெடியன் ஒருவனுக்காகவும் இருக்கலாம்.

"இதில," என்று தொடங்கினாள். குரல் சரியாகவே வந்தது. "இதில ரெண்டு பக்கத்திலையும் பிழை இருக்கு."

ஆரம்பித்த பிறகு மிச்சம் தானாகவே வந்தது. இருபத்தாறு வருடம் மடித்த துணி மாதிரி ஓரம் ஓரமாகப் படிந்து வந்தது. போஷகர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பராமரிப்பாளர் இன்னும் கொஞ்சம் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு பெண்பிள்ளையின் மனம் நோகும்படி நடந்துவிட்டது. ஆகவே மாமாங்கம் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேணும். வேலைக்குக் கழகம் வேறு ஆளைப் பார்க்கும். மனிதாபிமான அடிப்படையில் பங்குனி முடியும்வரை அறையில் இருக்கலாம். பனி அள்ளுவதையும் அதுவரை தொடரலாம்.

கைதட்டினார்கள். ஸ்ரீதரனுக்குக் கைதட்டியதைவிடக் கூடத் தட்டினார்கள், ஏனென்றால் இவள் சுருக்கமாகப் பேசினாள். "நடுநிலை எண்டால் இது!" என்று ஸ்ரீதரன் பக்கத்தில் இருந்தவரின் முழங்காலில் அடித்தார். வாகீசன் தலைநிமிர்ந்து, மிகுந்த மனவருத்தத்தோடு தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னார். பங்குனி முடியும்வரை என்பது தன் மனதுக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தாலும், நீதி நீதிதான் என்றார்.

தேனுகா குளிர்க் கோட்டைப் போட்டாள். மேசைக்குக் கிட்ட வந்து மனோரஞ்சிதத்தைப் பார்த்தாள். "வாவ்," என்றாள். அப்படியே வெளியே போனாள்.

மாமாங்கம் எழும்பி வந்து, மேசையில் இருந்த கப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அவளுடைய கப்பில் பாதித் தேத்தண்ணி இருந்தது.

"குடிக்கேல்லையா, அக்கா? ஆறிட்டு."

"மாமாங்கம், நான்..."

"பரவாயில்லை, அக்கா. உங்களால ஏலுமானதைச் செய்தீங்க." அவன் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னான். அவன் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதாவது இருக்கலாம்.

குறிப்பை முடித்துக் கையொப்பம் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்; போனதும் தெரியாது, வருவதும் தெரியாது. மாமாங்கம் ஏற்கெனவே பனி அள்ளும் சவலோடு நின்று, வாசலிலிருந்து வாகனத் தரிப்பிடம் வரைக்கும் பாதை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் வெட்டி முடித்த பாதையால் ஒரு பெரிய கறுப்புக் கார் மெல்ல ஊர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது; உள்ளே வாகீசன்.

"அக்கா, உங்கட வீடு வோபர்ன் பக்கம்தானே? இந்தக் குளிருக்குள்ள ஏன் நிக்கிறியள். ஏறுங்கோ."

"வேணாம் தம்பி, பஸ் வரும்."

"பஸ் எங்க வாறது. ஏறுங்கோ அக்கா, நான் போற வழிதானே."

மாமாங்கம் சவலை ஓரத்தில் குத்திவிட்டு வந்து, அவள் வழுக்காமல் இருக்கக் கையைப் பிடித்து, கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

சீற் நல்ல சூடாக இருந்தது.